இரண்டு சித்தூர்கள்: எல்லைக்கு அப்பால் கைதானால்

தமிழ்நாட்டை ஒட்டி இரண்டு சித்தூர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போனால் வரும். மற்றொன்று ஆந்திரத்தில், வேலூரிலிருந்து காட்பாடி வழியாக வடக்கே போனால் வரும். இரண்டு ஊர்ப் பக்கங்களிலும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். கோடு மாறியதே தவிர மனிதர்கள் மாறவில்லை. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தோடு இருந்தது. திருத்தணி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வந்தது. ஆனால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பேச்சு வேறு. கேரளச் சித்தூரில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘பிரதி’ என்பார்கள். நமக்குப் பிரதி என்றால் நகல். ஆந்திரச் சித்தூரில் அவர் ‘முத்தாயி’. குற்றத்துக்கு அங்கே ‘நேரம்’ என்று பெயர். ‘நேரம் ஒப்புக்குண்டாவா’ என்று கேட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று பொருள். ஏதோ மணியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டால், அந்தத் தலையாட்டலே தீர்ப்பாகிவிடும்.

நான் இருப்பது கேரளச் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக நீதிமன்றம் போயிருந்தபோது, உடுமலைப் பக்கத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒரு பையனைப் போலீசார் ரிமாண்டுக்கு நிறுத்தினார்கள். ‘பராதி உண்டோ’ என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பையன் உடனே ‘இல்லைங்க’ என்றான். ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. வெளியே வந்தபின் கேள்வி புரிந்ததா என்று கேட்டேன். புரியவில்லை, இல்லை என்று சொன்னால் வம்பு இருக்காது என்று நினைத்ததாகச் சொன்னான். பராதி என்பது நம் ‘பிராது’தான். போலீசார் அடித்தார்களா, துன்புறுத்தினார்களா, ஏதாவது முறையீடு உண்டா என்று கேட்பது மாஜிஸ்திரேட்டின் கடமை. அவர் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவனைப் போய்ச் சேரவில்லை.

சட்டம் படிக்காதவர்களுக்காக, அதிலும் எல்லையின் இரு பக்கமும் பிழைப்புக்குப் போய் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும், அங்கே நீங்கள் எதைக் கேட்கலாம் என்று தெரிந்தால் போதும்.

எது குற்றம், யாருடைய சட்டத்தில்

குற்றவியல் சட்டம் நம் நாட்டில் இரண்டு அடுக்காக இருக்கிறது. கொலை, திருட்டு, அடிதடி, மோசடி போன்றவற்றுக்கு இந்தியா முழுவதும் ஒரே சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. கைது, ஜாமீன், விசாரணை ஆகியவற்றின் நடைமுறையைச் சொல்வது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம். பெயர்கள் வாயில் நுழையச் சிரமப்படும். உள்ளடக்கத்தில் பெரும்பகுதி பழையதுதான். எண்கள்தான் மாறிவிட்டன. ஏமாற்றுக்காரனைக் குறிக்க ஊரெல்லாம் சொல்லும் 420, இப்போது 318. கொலைக்கான 302, இப்போது 103. தடை உத்தரவு என்றதும் நினைவுக்கு வரும் 144, இப்போது 163. ஆனால் 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். எனவே முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடுக்கு மாநிலச் சட்டம். எல்லையோரத்து மனிதனைத் தடுக்கி விழச் செய்வது பெரும்பாலும் இதுதான். மது, சூதாட்டம், காவல்துறை ஆகியவை அரசியலமைப்பின்படி மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பவை. எனவே ஒரே செயல் ஓடைக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குற்றம்.

சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளைப் பாருங்கள். கேரளத்தின் கள்ளுக் கடைகளுக்குப் பெருமளவு கள் இங்கிருந்துதான் போகிறது. உரிமம் பெற்றவர் மரம் ஏறுகிறார், வண்டி ஏற்றுகிறார், அரசுக்கு வரி கட்டுகிறார். இதை ஆளும் சட்டத்துக்கு அப்காரிச் சட்டம் என்று பெயர். ‘1077ஆம் ஆண்டின் முதல் சட்டம்’ என்று குறிப்பிடுவார்கள். அது கொல்லம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1902 ஒட்டி வரும். அதே தோப்பின் வேலிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் தென்னையில் கள் இறக்கினால், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே வாங்கிய கள்ளைக் கேனில் ஊற்றி ஸ்கூட்டரில் கோபாலபுரம் தாண்டினாலும் அதுவே. ‘அங்கே உரிமம் பெற்ற கடையில் வாங்கியதுதானே’ என்ற பதில் செல்லாது. எதிர்த்திசையிலும் பொறி இருக்கிறது. கேரளம் 1996இல் சாராயத்தைத் தடை செய்தது. மலைப்பக்கத்தில் காய்ச்சியதை ஒரு குப்பி கொண்டுவந்து பிடிபட்டாலும், அப்காரிச் சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. இந்தத் தொகையைக் கேட்டால் கூலிக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். நம்புங்கள்.

லாட்டரியும் அப்படித்தான். கேரள அரசு 1967இல் தொடங்கிய லாட்டரி அங்கே அரசுத் துறையாகவே நடக்கிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரிக்குத் தடை விதித்தது. வாளையாறில் மேசை போட்டு விற்கும் அதே சீட்டை க. க. சாவடியில் விற்றால் வழக்கு.

ஆந்திர எல்லையில் செம்மரம். சேஷாசலம் மலைத்தொடரிலும் அதை ஒட்டிய காடுகளிலும்தான் அந்த மரம் இயற்கையாக வளர்கிறது. வெட்டுவதும் கடத்துவதும் 1967ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச வனச் சட்டத்தின் கீழ் வரும். திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரி, சேலம் மலைக் கிராமங்களிலிருந்து மரம் வெட்டும் வேலை என்று ஏஜென்டுகள் அழைத்துப் போகிறார்கள். எந்த மரம், எந்தக் காடு என்று பலருக்குச் சொல்வதில்லை. 2013 டிசம்பரில் அந்தக் காட்டில் இரண்டு வன அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை, பிறகு விடுதலை. இடையில் 2015 ஏப்ரல் 7 அன்று 20 தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். குற்றம் செய்தவனா என்று தீர்மானிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். அந்த இருபது பேரும் அங்கே போய்ச் சேரவே இல்லை. உரிமைகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதி நினைவுக்கு வருகிறது.

கஞ்சா வேறு கணக்கு. அது மத்தியச் சட்டம், எல்லா மாநிலத்துக்கும் பொது. 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. வணிக அளவில் ஜாமீன் மிகவும் அரிது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பையை வாளையாறு வழியாகக் கொண்டுபோகச் சம்மதிக்காதீர்கள்.

புகாரிலிருந்து குற்றச்சாட்டு வரை

‘என் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள்’ என்று சொல்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் அதிகமாகிறது.

முதல் கட்டம் முதல் தகவல் அறிக்கை. குற்றம் நடந்ததாக வந்த தகவலைப் போலீசார் பதிவு செய்வது, அவ்வளவே. உங்கள் பெயர் அதில் இருப்பதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். கோவையிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் பை திருடுபோனால், அது எந்த மாநில எல்லைக்குள் நடந்தது என்ற விவாதத்தில் உங்களை அலைக்கழிக்கக் கூடாது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று எண் இல்லாமல் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். புகாரைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களுக்குத் தாய்மொழியில் எழுத கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் இடம் தருகிறது.

இரண்டாம் கட்டம் குற்றப்பத்திரிகை. மலையாளத்தில் ‘குற்றபத்ரம்’. புலன்விசாரணை முடித்து, இந்தச் சாட்சிகளையும் ஆவணங்களையும் வைத்து இவர் குற்றம் செய்ததாகக் கருதுகிறோம் என்று போலீசார் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கை. அதன் நகல்களையும் சாட்சிகளின் வாக்குமூல நகல்களையும் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

மூன்றாம் கட்டம்தான் உண்மையான குற்றச்சாட்டு. நம் நீதிமன்றங்களில் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள். போலீசார் சொன்னதை நீதிபதி படித்துப் பார்த்து, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறார். முகாந்திரம் இல்லை என்றால் இங்கேயே விடுவிக்கலாம். இருந்தால், எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் சட்டப் பிரிவை மீறினீர்கள் என்று எழுதி, உங்களுக்கு வாசித்து விளக்கி, ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்பார். ‘வாசித்து விளக்கி’ என்பது சட்டத்தின் சொல். வாசித்தால் மட்டும் போதாது. புரியாமல் ஆம் என்று சொல்ல வேண்டியதில்லை; புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவும் அல்ல.

சிறு வழக்குகளில் இது இன்னும் முக்கியம். இங்கே ‘பெட்டி கேஸ்’ என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போ, வேலை முடிந்தது என்று அக்கறையோடுதான் யாராவது சொல்வார்கள். ஒருநாள் கூலி போகிறதே என்று நாமும் கட்டிவிடுவோம். ஆனால் ஒப்புக்கொண்டது தண்டனையாகப் பதிவாகும். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அது எழுந்து நிற்கும். கட்டுவதற்கு முன் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

அடுத்து, எல்லாரையும் மிரட்டும் ஒரு சொல்: ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’. செய்தித்தாள்களே இப்படி எழுதிப் பழக்கிவிட்டன. அது தவறு. ஜாமீன் தரத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. காவல் நிலையத்திலேயே விட வேண்டும். மற்ற குற்றங்களில் ஜாமீன் தருவதா என்று நீதிமன்றம் தீர்மானிக்கும். வேறுபாடு அவ்வளவுதான். எந்தக் குற்றம் எந்த வகை என்று நடைமுறைச் சட்டத்தின் இறுதியில் உள்ள அட்டவணை சொல்லும். மாநிலச் சட்டமே தனியாக வகை சொல்லாதபோது, 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ளவை ஜாமீன் தரத்தக்கவை, 3 ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவை நீதிமன்றத்தின் முடிவுக்கு உட்பட்டவை என்பது பொது விதி.

கைது செய்யும் கை

புகார் வந்தவுடன் கைது செய்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவைதானா என்று போலீசார் காரணம் எழுத வேண்டும். தேவையில்லை என்றால், விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பார்கள். அந்த நோட்டீஸை மதித்துப் போகிறவரைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. 2014இல் உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. எனவே பாலக்காட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் ‘வேறு மாநிலம்தானே’ என்று கிழித்துப் போடாதீர்கள். அந்தக் காகிதம்தான் உங்களைக் கைதிலிருந்து காப்பது.

கைது செய்தால், என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தரும் உறுதி. சொன்னேன் என்று போலீசார் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதுமா? போதாது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாக் குற்றங்களிலும் கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகவே தர வேண்டும், உடனே இயலாவிட்டாலும் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும் என்றது. எல்லையோரத் தமிழர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது இந்தத் தீர்ப்பு. மலையாளமோ தெலுங்கோ படிக்கத் தெரியாதவர் கையில் அந்த மொழிக் காகிதத்தைத் திணிப்பது இனிச் சட்டப்படி போதாது. ‘தமிழில் எழுதித் தாருங்கள்’ என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

கைதானதை வீட்டார் ஒருவருக்கோ நண்பருக்கோ போலீசார் தெரிவிக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தினரோ உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திடுவார், நீங்களும் இடுவீர்கள். விசாரணையின்போது உங்கள் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது, இடையிடையே பேசலாம். பெண்ணைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது. மிக அரிதான சூழலில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி மட்டுமே செய்யலாம். சாட்சியாக மட்டும் விசாரிக்க வேண்டிய பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் நிலையத்துக்கு அழைக்காமல் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும்.

கையெழுத்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலீசாரிடம் நீங்கள் சொல்லும் வாக்குமூலத்தை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகவும் ஆகாது. அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு. ஆகவே வாய் மூடி இருக்கலாம். வெற்றுத்தாளிலும் படிக்கத் தெரியாத மொழியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கைதுக் குறிப்பு, மகஜர் (பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பத்திரம்) போன்றவற்றில் போட வேண்டி வந்தால், ‘எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது’ என்று கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் வழக்கறிஞருக்குப் பெரிய பிடிமானம்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. இங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. கேரளப் போலீசார் தமிழ்நாட்டுக்குள் வந்து கைது செய்யலாமா? செய்யலாம். குற்றவாளி என்று கருதப்படுபவரை இந்தியாவின் எந்த இடத்துக்கும் தொடர்ந்து போகும் அதிகாரம் போலீசாருக்கு உண்டு. தொலைவு அதிகம் என்றால் அருகில் உள்ள மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி, கொண்டுபோக அனுமதி பெறுவார்கள். இதற்கு ‘டிரான்சிட் ரிமாண்ட்’ என்று பெயர். வாரன்ட்டோடு வந்து வேறு மாவட்டத்தில் பிடித்தாலும் உள்ளூர் அதிகாரி முன் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். ஆனால் வாரன்ட் பிறப்பித்த நீதிமன்றம் கைதான இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரே கொண்டுபோகலாம். கோபாலபுரத்தை ஒட்டிய கிராமங்கள் சித்தூர் நீதிமன்றத்துக்கு அந்த வட்டத்துக்குள் இருப்பதால், ‘பொள்ளாச்சி கோர்ட்டில் காட்டாமல் எப்படிக் கொண்டுபோனீர்கள்’ என்ற வாதம் எப்போதும் எடுபடாது.

வேறு மாநிலத்தில் உங்கள் மேல் வழக்கு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், அந்த மாநில நீதிமன்றத்தை அணுகும் வரை உங்கள் ஊர் நீதிமன்றமே குறுகிய கால முன்ஜாமீன் தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான காரணம் காட்ட வேண்டும், தானாகக் கிடைத்துவிடாது.

ஜாமீனும் ஒரு பாலக்காட்டுக்காரரும்

ஜாமீன் உத்தரவு வந்துவிடும். ஆள் வெளியே வரமாட்டார். கேரள நீதிமன்றங்களில் ஜாமீன்தாரர்கள் தங்கள் நிலத்துக்குக் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதைக் காட்டச் சொல்வார்கள். ஆனைமலையிலிருந்து வந்த கூலிக்காரருக்குக் கேரளத்தில் நிலம் வைத்திருக்கும் நண்பர் எங்கிருந்து வருவார்? அண்ணனின் பட்டா தமிழ்நாட்டில் இருக்கிறது. ‘உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு 1978லேயே பதில் எழுதிவிட்டார் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்தவர், 1948இல் கைதாகிச் சிறைக்குள் இருந்து பார்த்தவர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. அவரிடம் வந்தது மோதிராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாரின் வழக்கு. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். மோதிராமின் சகோதரர் ஜாமீன் தர முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்தார். கிருஷ்ணய்யர் கொதித்துப்போய் எழுதினார்: ஒரு மலையாளியோ தமிழரோ ஆந்திரரோ தொலைதூரத்தில் கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? நீதிமன்றம் இருக்கும் மாவட்டத்திலிருந்தே ஜாமீன்தாரர் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வட்டார மொழியில் இல்லாத மனுவை ஏற்க மறுக்க எந்தச் சட்டம் சொல்கிறது? கடைசியில் 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொத்தனாரை விடச் சொன்னார். வெளிமாநிலச் சொத்து என்று ஜாமீன் மறுக்கப்பட்டால், உங்கள் வழக்கறிஞர் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இது. எல்லையோரத்து மண்ணில் பிறந்த ஒருவர்தான் இதை இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும்.

ஜாமீன் தரத்தக்க வழக்கில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை ஏழை என்று கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும். பெரிய வழக்குகளில் நாட்களை எண்ணுங்கள். மரண தண்டனை, ஆயுள் அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உங்கள் உரிமையாகிறது. கஞ்சாவின் வணிக அளவு வழக்குகளுக்கு இது 180 நாள். ஆனால் நீங்கள் மனுப் போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன். 61ஆம் நாள் யாரும் வந்து கதவைத் திறக்க மாட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனால், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்ததும் பிணையில் விடப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால்? காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வழக்கில் எந்தப் பக்கம் இருந்தாலும் உண்டு. சேஷாசலம் வழக்குகளில் சிக்கிய மலைக் கிராமத்தவர்களில் பலர் பழங்குடியினர்; இதைச் சொல்ல ஆளில்லாமல் போனது பெரும் துயரம். முதல் முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் அன்றே வக்கீல் கேட்கலாம். மாநில எல்லை இதற்குத் தடையல்ல. பொள்ளாச்சிக்காரருக்குச் சித்தூர் வட்டச் சட்டப் பணிகள் குழுவே வக்கீல் தரும். நாடு முழுவதற்குமான இலவச அழைப்பு எண் 15100.

விசாரணை தொடங்கிய பின் சாட்சி வேறு மொழியில் பேசினால், திறந்த நீதிமன்றத்தில் உங்களுக்குப் புரியும் மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு; நீங்கள் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கஞ்சா, அப்காரி போன்ற சில சட்டங்களில் பொருள் கையில் இருந்தது நிரூபணமானால் விளக்கும் சுமை உங்கள் பக்கம் சாயும். அங்கே வக்கீல் இல்லாமல் ஒரு நாளும் நிற்காதீர்கள்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு தொடரைக் கற்றுக்கொள்ளுங்கள். மலையாளத்தில் ‘மனசிலாயில்லா’. தெலுங்கில் ‘அர்த்தம் காலேது’. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எனக்குப் புரியவில்லை.

அந்தச் சூளைப் பையனுக்கு இலவச வக்கீல் ஒருவர் அமர்ந்தார். அடுத்த முறை அவனை நிறுத்தியபோது, முதல் நாள் கேள்வி அவனுக்குப் புரியவில்லை என்பதை அவர் மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை அழைத்து, அதே கேள்வியைத் தமிழில் கேட்கச் சொன்னார். இந்த முறை அவன் பதில் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே இருந்தார்.